ஒன்பது நாள் பயணம், மூன்று பக்க பில்: ஒரு ரோமிங் கணக்கைப் பிரித்துப் பார்த்த கதை

கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை சென்னைக்குப் போவார். அங்கிருந்து ஈரோடு, சில சமயம் சூரத். போன வருஷம் அப்படி ஒன்பது நாள் போய்வந்த பிறகு வந்த டெலிபோன் பில், அந்த மாதம் கடைக்கு வந்த மின்சார பில்லை விடப் பெரியதாக இருந்தது. காலையிலிருந்து இரவு வரை ஏசி ஓடுகிற கடை இது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

“நான் கோலே எடுக்கல்லையே தம்பி. எல்லாம் வட்ஸ்அப்பில்தானே பேசினேன்” என்றார்.

அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. அதனால்தான் இந்த பில்லை உட்கார்ந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நிறுவனத்திடம் விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கினோம். மூன்று பக்கம். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்: அவர் தெரிந்து செய்தது பச்சை, மற்றவர்கள் அவருக்குச் செய்தது நீலம், யாருமே செய்யாமல் போன் தானாகச் செய்தது சிவப்பு. முடித்துப் பார்த்தால் பச்சைக் கோடு ஆறே ஆறு. தொகையில் பாதிக்கு மேல் சிவப்பு.

சிவப்புக் கோடுகள்

முதலில் கண்ணில் பட்டது ஜோடி ஜோடியாக வந்த வரிகள். ஒரே நேரம், ஒரே நிமிடம். ஒன்று ‘வந்த அழைப்பு’, அடுத்தது இலங்கையில் ஏதோ ஓர் எண்ணுக்கு ‘போன அழைப்பு’. இப்படிப் பதினொரு ஜோடி. அந்த எண் யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நானே எடுத்துப் பார்த்தேன். “நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் இப்போது...” என்று ஒரு பெண் குரல். வொய்ஸ் மெயில், எடுக்காத அழைப்புக்குக் குரலைப் பதிந்துவைக்கிற பெட்டி!

நடந்தது இதுதான். குருநாகலில் இருந்து ஒரு கடைக்காரர் முதலாளியின் எண்ணை அழைக்கிறார். அவர் சென்னையில் இருப்பது அழைப்பவருக்குத் தெரியாது. உள்ளூர் அழைப்புக்கான காசு மட்டுமே அவர் கணக்கில் கழியும். கொழும்பிலிருந்து சென்னைக்கு அந்த அழைப்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோகிற செலவு, போனை வைத்திருப்பவர் தலையில். இதுவரை நியாயம்தான். முதலாளி ஆலையில் சத்தத்துக்கு நடுவே நின்றதால் எடுக்கவில்லை. உடனே அழைப்பு வொய்ஸ் மெயிலுக்குத் திருப்பப்படுகிறது. வொய்ஸ் மெயில் இருப்பது கொழும்பில். ஆக, சென்னை வரை வந்த அழைப்பு மறுபடி கொழும்புக்குப் போகிறது. இரண்டு சர்வதேசப் பயணம், இரண்டு வரி. கடைக்காரர் அந்தப் பெண் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார், நம்மூரில் யார் வொய்ஸ் மெயிலில் பேசுகிறார்கள்? ஆனாலும் நிமிடக் கணக்கு என்பதால் சில விநாடிக்கும் முழு நிமிடம்.

எடுக்காத அழைப்புக்கு எடுத்த அழைப்பை விட அதிகம் கட்டியிருக்கிறார் என்று சொன்னபோது முதலாளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதற்கு மருந்து சின்னது. பயணத்துக்கு முன், கொழும்பிலேயே ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கிவிடும். நீங்கிவிட்டதா என்று நிறுவனத்திடம் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடுத்த சிவப்பு, டேட்டா. அவர் நம்பாமல் போனது இதைத்தான். கிளம்பும் முன் ஏழு நாள் ரோமிங் பேக்கேஜ் ஒன்று, அதாவது நம்மூர் சிம்மையே வெளிநாட்டு வலையில் ஓடவிடுவதற்கானது, போட்டிருந்தார். பிறகு ஏன் தனியாகக் காசு? பட்டியலைத் தேதி வாரியாகப் பார்த்தபோது இரண்டு இடத்தில் உடைப்பு தெரிந்தது. ஒன்று, எட்டாம் ஒன்பதாம் நாள். பேக்கேஜ் முடிந்தது, பயணம் முடியவில்லை. முடிந்த நிமிடத்திலிருந்து பேக்கேஜ் இல்லாதவருக்கான விலை ஓடத் தொடங்கிவிட்டது. அது பேக்கேஜ் விலையோடு ஒப்பிடவே முடியாத விலை.

இரண்டாவது உடைப்பு விநோதமானது: நான்காம் நாள் மாலை, மூன்று மணி நேரம். அன்று அவர் சென்னையிலிருந்து ரயிலில் ஈரோடு போயிருக்கிறார். அந்தப் பேக்கேஜ் இந்தியாவில் ஒரு குறிப்பிட்ட நெட்வொர்க்கில் மட்டும்தான் செல்லும். வழியில் எங்கோ அந்த நெட்வொர்க்கின் சிக்னல் குறைந்திருக்கிறது. போன் தன் பாட்டில் இன்னொன்றுக்குத் தாவிவிட்டது. போனைப் பொறுத்தவரை அது உதவிதான் செய்தது. சிக்னல் கம்பி ஒன்று கூடக் குறையவில்லை. திரையின் மேல் மூலையில் பெயர் மட்டும் மாறியிருக்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பையில் வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர் அதையா பார்ப்பார்?

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்தார் என்று கேட்டேன். தூங்கினேன் என்றார். காலையில் சௌகார்பேட்டையில் எடுத்த சேலை சாம்பிள் படங்கள் நூற்றுக்கு மேல் போனில் இருந்தன. அவர் தூங்க, போன் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தன் கிளவுட் கணக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

கவுண்டரில்

கொழும்பிலுள்ள கிளைக்கு இரண்டு பேரும் போனோம். அங்கிருந்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். “அங்கிள், நீங்கள் போட்ட பேக்கேஜில் அந்த நெட்வொர்க் இல்லை” என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். நிபந்தனைகளில் இருக்கிறது. அதை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. காசு திரும்பக் கிடைக்கவில்லை. வொய்ஸ் மெயிலை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. பயணத்தின்போது முதலாளி தினமும் ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். ரோமிங் கட்டணம் பூச்சியம் என்றே காட்டியிருக்கிறது. இது அந்த நிறுவனத்தின் தந்திரம் இல்லை, முறையே அப்படி. இந்திய நிறுவனம் தன் வலையில் நடந்ததை ஒரு கோப்பாக எழுதி இங்கே அனுப்புகிறது. டேப் கோப்பு என்பார்கள். அது இடையில் கணக்குத் தீர்க்கும் நிறுவனம் வழியாக வந்து சேர நாள்கள் பிடிக்கும். பயணிக்குத் தன் செலவு தெரியும்போது அவர் வீட்டுக்கே வந்திருப்பார். ஐரோப்பாவில் 2010இலிருந்து இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது: டேட்டா செலவு 50 யூரோவைத் தொட்டால், பயணி வேறு மாதிரிச் சொல்லாத வரை, இணைப்பை நிறுத்திவிட வேண்டும். இங்கே அப்படி ஒரு வரம்பை நாமாகக் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் நாங்கள் கேட்டு வைத்துக்கொண்டோம்.

இந்திய சிம் வாங்கினால் தீராதா?

இதைச் சொல்லாத ஆள் இல்லை. பக்கத்துக் கடைத் தம்பி, என் மச்சான், ஏன், கவுண்டர் பிள்ளையும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். வாங்கலாம். பாஸ்போர்ட், விசா, புகைப்படம், அங்கே தெரிந்தவர் ஒருவரின் எண் எல்லாம் கொடுத்து, சில மணி நேரம் காத்திருந்தால் வேலை செய்யும். இப்போது இ-சிம் என்று இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே வாங்கும் வழியும் உண்டு. பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்.

ஆனால் கொழும்பு சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியாது. ஈரோட்டு ஆலைக்காரருக்கு முன்பணம் அனுப்ப வேண்டும் என்றால் வங்கி அனுப்பும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. செக் திரும்பினால் வங்கி மேலாளர் அழைப்பது அந்த எண்ணுக்கு. இருபது வருஷமாகக் கடை பில் புத்தகத்தில் அச்சடித்திருப்பது அந்த எண். ஒரு வியாபாரிக்கு போன் எண் என்பது கடைப் பலகை மாதிரி. பயணம் போகும்போது பலகையைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்றால் எப்படி?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வைத்தியத்துக்குச் சென்னை போகிற குடும்பங்களுக்கும் இதே கதைதான். ஆஸ்பத்திரிக் காசு கட்ட ஓடிபி வேண்டும். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளும் கனடாவில் இருக்கும் தம்பியும் அழைப்பது அம்மாவின் பழைய எண்ணைத்தான்.

அதனால் நாங்கள் தேர்ந்தது இரண்டு சிம் வழி. இந்திய சிம்மில் டேட்டாவும் அங்கத்தைய அழைப்புகளும். கொழும்பு சிம் உயிரோடு இருக்கும், ஆனால் டேட்டா ரோமிங் அணைத்து. வந்து சேரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பதால் ஓடிபி சும்மா வரும். வட்ஸ்அப் எந்த சிம்மின் டேட்டாவில் ஓடினாலும் பழைய எண்ணிலேயே ஓடும், ‘எண்ணை மாற்றவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இதிலும் இரண்டு பொறி. இரண்டு சிம் போன்களில், ஒன்றில் சிக்னல் குறைந்தால் டேட்டாவை மற்றதற்குத் தானாக மாற்றும் அமைப்பு ஒன்று இருக்கும். அதை அணைக்க வேண்டும். ஐபோன் என்றால் சிம் மாற்றியதும் தன்னைப் பதிந்துகொள்ள யாருக்கும் சொல்லாமல் வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், அதற்கும் காசு. சின்னக் காசுதான். ஆனாலும் நான் அதற்கும் சிவப்புப் பேனாதான் போடுவேன்.

மொத்த விலை, சில்லறை விலை

சரி, இவ்வளவு வித்தை ஏன் தேவைப்படுகிறது? கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மீனம்பாக்கம். கடிகாரத்தைக் கூடத் திருப்ப வேண்டாம். 2006 ஏப்ரலிலிருந்து நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம். தூரம் காரணமில்லை.

முதலாளிக்கு இதை விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை, அவர் மொத்த வியாபாரி. உங்கள் போன் சென்னையில் திறந்ததும் அங்குள்ள நெட்வொர்க் சிம்மைப் பார்க்கிறது. 413 என்று தொடங்கினால் இலங்கை. உடனே கொழும்பு நிறுவனத்திடம் ‘இவர் உங்கள் ஆள்தானா, கொடுக்கலாமா’ என்று கேட்கிறது. கொடுக்கலாம் என்றால் சேவை தருகிறது. அதற்கான காசை உங்களிடம் கேட்காது. கொழும்பு நிறுவனத்திடம் கேட்கும். அது மொத்த விலை. கொழும்பு நிறுவனம் அதன் மேல் தன் இலாபத்தையும் வரிகளையும் வைத்து உங்களிடம் வாங்குவது சில்லறை விலை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி மட்டுமே 18 சதவீதம்.

மொத்த விலையை அந்த இரண்டு நிறுவனங்களும் பேசி முடிவுசெய்கின்றன. ‘என் பயணிகளை எல்லாம் உன் வலைக்கே அனுப்புகிறேன், விலையைக் குறை’ என்பதுதான் பேரம். பேக்கேஜ் ஏன் ஒரே நெட்வொர்க்கில் மட்டும் செல்லுகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது: பேரம் பேசப்பட்ட கடை அது ஒன்றுதான். ரயில் பயணத்தில் போன் தாவியது பேரம் இல்லாத கடைக்கு.

இந்தக் கணக்கு பல இடங்களில் எஸ்டிஆர் என்னும், சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் எழுதப்படுகிறது. ரூபாய் விழுந்தால் அதுவும் நம் தலையில்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதே, அப்போது வெளிநாட்டில் பேசியவர்களைக் கேளுங்கள்.

டேட்டாவில் இன்னொரு வேடிக்கை. ரோமிங்கில் நீங்கள் பார்க்கும் எதுவும் சாதாரணமாகக் கொழும்பு வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். சென்னையில் நின்று பாண்டி பஜாருக்கு வழி தேடினாலும் அந்தக் கேள்வி கடல் தாண்டி இங்கே வந்து, பதில் மறுபடி அங்கே போகும். அதனால்தான் அங்கே இருக்கும்போதும் நம்மூர் விளம்பரங்கள் திரையில் வருகின்றன.

பயணி இந்தப் பேரத்தில் எங்கே நிற்கிறார்? எங்கேயும் இல்லை. சென்னை நிறுவனத்துக்கு அவர் வாடிக்கையாளர் இல்லை. இங்குள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, இலங்கை நிறுவனத்தைக் கேட்கலாம், ஈரோட்டுக் கோபுரத்தைக் கேட்க முடியாது. இந்திய ஆணையம் அதைக் கேட்கலாம், ஆனால் எங்கள் முதலாளிக்காக ஏன் கேட்க வேண்டும்?

வேறு ஊர்களில்

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இடைவெளியை அடைக்க இரு பக்கத்துக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. 2007இல் நிமிடத்துக்குப் போகும் அழைப்பு 49 யூரோ சதம், வரும் அழைப்பு 24 யூரோ சதம் என்று மேல்வரம்பு வைத்தார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கும் மொத்த விலைக்கும் சேர்த்தே வைத்தார்கள். சில்லறையை மட்டும் கட்டினால் இடையில் இருப்பவர் நசுங்குவார், இது துணிக்கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருஷம் படிப்படியாகக் குறைத்து, 2017 ஜூன் 15இல் நியாயமான பயன்பாட்டு வரம்புக்குள் மேலதிகக் கட்டணமே இல்லை என்றாக்கினார்கள். அப்போது ஒரு கிகாபைட் மொத்த விலை வரம்பு 7.70 யூரோ. 2022இல் 2 யூரோ. 2027இல் 1 யூரோ ஆக வேண்டும். விதி 2032 வரை நீடிக்கப்பட்டிருக்கிறது.

தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்குக்கு அப்படி ஒரு அதிகாரம் இல்லை. 2014 நவம்பரில் காத்மண்டு மாநாட்டில் கட்டணக் குறைப்பு பற்றியும் பேசினார்கள். அதன் பிறகு உச்சிமாநாடே நடக்கவில்லை. ஆக ஐரோப்பாவைக் காட்டி ஏங்குவதில் பிரயோசனம் இல்லை என்பது என் எண்ணம்.

நமக்குப் பொருந்தும் உதாரணம் சிங்கப்பூரும் மலேசியாவும். இரண்டே நாடுகள், நாள்தோறும் பாலத்தைத் தாண்டிப் போய்வருகிற சனம். 2011இல் இரண்டு அரசுகளும் உடன்பட்டு, முதலில் அழைப்புக் கட்டணத்தை 20 சதவீதம் வரை, எஸ்எம்எஸ்ஸை 30 சதவீதம் வரை குறைத்தன. அடுத்த வருஷம் 30, 50. ஒழிக்கவில்லை, குறைத்தார்கள்.

அதற்கும் முன்பே ஆபிரிக்காவில் அரசே இல்லாமல் நடந்திருக்கிறது. 2006இல் செல்டெல் நிறுவனம் கென்யா, உகண்டா, தன்சானியா மூன்றிலும் தன் வலைகள் இருந்ததால் ‘ஒரே நெட்வொர்க்’ என்று அறிவித்து, எல்லை தாண்டினாலும் உள்ளூர் விலை என்றது. இடது கை வலது கைக்கு மொத்த விலை சொல்ல வேண்டியதில்லை அல்லவா. அந்த நிறுவனம் பிறகு ஸெயின் ஆனது. அதன் ஆபிரிக்கத் தொழிலை 2010இல் வாங்கியது இந்தியாவின் பாரதி ஏர்டெல். அதே பாரதி ஏர்டெல் 2024இல் தன் இலங்கை நிறுவனத்தை இங்குள்ள டயலொக் நிறுவனத்துடன் இணைத்து, பதிலுக்கு டயலொக்கில் ஏறக்குறைய 10 சதவீதப் பங்கைப் பெற்றது. கென்யாவில் செய்யக் கூடியதற்கு வழி இங்கே அடைபட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது.

மனம் வருமா என்பதுதான் கேள்வி. 2024இல் மட்டும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுடைய ரோமிங் காசு இங்குள்ள நிறுவனங்களுக்கு டொலர் வருமானம். வாங்குகிற விலை குறைய வேண்டும் என்றால் விற்கிற விலையையும் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள். ஆனால் கட்டணம் கூடினால் பயணி போனை அணைத்துவிடுகிறார், அல்லது விமான நிலையத்திலேயே உள்ளூர் சிம் வாங்கிவிடுகிறார். யாரும் நுழையாத கடையில் பட்டு என்ன விலை எழுதி வைத்தால் என்ன?

2024 பெப்ரவரியில் இந்தியர்கள் போனால் காசு கட்டும் யூபிஐ முறை இங்கே வந்தது. இந்தியர் ஒருவர் இரண்டாம் குறுக்குத் தெருவில் கியூஆரைப் படம் பிடித்து ரூபாயில் காசு கட்டலாம். காசு கடலைத் தாண்ட ஒப்பந்தம் போட்டார்கள். அந்தப் படம் பிடிக்க அவருக்கு டேட்டா வேண்டும் என்பது வேறு கதை.

அடுத்த பயணம்

மூன்று மாதம் கழித்து முதலாளி மறுபடி கிளம்பினார். நான் ஒரு துண்டுத் தாளில் எழுதி போன் உறையின் பின்னால் ஒட்டிவிட்டேன். திருப்பல் நீக்கியாயிற்று. படங்கள் கிளவுடில் ஏறுவது வைஃபையில் மட்டும். கொழும்பு சிம்மில் டேட்டா ரோமிங் அணை. செலவு வரம்பு வைத்தாயிற்று. கொழும்பு எண்ணில் அழைப்பு வந்தால் எடுக்காமல், இரண்டாவது சிம்மின் டேட்டாவில் வட்ஸ்அப்பில் திருப்பி எடுங்கள். முக்கியமான இருபது வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே செய்தி போட்டோம்: முதலாளி இந்தியாவில், வட்ஸ்அப்பில் மட்டும் பேசுங்கள்.

பதினொரு நாள் பயணம். பில் வந்தது. ஒரே பக்கம். ரோமிங் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: வந்த அழைப்பு, நான்கு நிமிடம், பகல் 11.20.

அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்று காலை ஒரு செக் திரும்பி வந்திருந்தது. பதற்றத்தில் மேசைப் போனை எடுத்து, பழக்கத்தில் அவருடைய எண்ணை அழுத்திவிட்டேன். கடை எண்ணைப் பார்த்ததும் அவரும் எடுத்துவிட்டார்.

முதலாளி பில்லை என் மேசையில் வைத்து அந்த வரியின் மேல் விரலை வைத்தார். “இதுக்கு எந்தப் பேனா தம்பி?”

நீலத்தை எடுத்தேன்.